டிஸ்க் வாங்க வந்தவர்கள்

ஈஸ்டருக்கு மறுநாள் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. வெள்ளை நிறம். தடியான டிக்‌ஷனரி அளவு. கொண்டுவந்தவன் பாண்டி. என் தம்பி ஆல்பர்ட்டோடு கல்லூரியில் படித்தவன். இப்போது ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறான்.

"மாப்ள, ஒன் பொறந்தநாளுக்கு நாங்க எல்லாரும் சேந்து வாங்குனது. பழசு இழுத்துக்கிட்டுக் கெடக்குல்ல... இனிமே இதுதான்" என்றான்.

டிவியில் மாட்டி கேம் ஆடுகிற கன்சோல் அது. தம்பி அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம்.

"டிஸ்க்கு எங்கிட்டுடா போடுறது?"

"இதுல டிஸ்க்கே கெடையாதுடா. எல்லாம் டவுன்லோடுதான். இப்ப வாரது எல்லாமே இப்படித்தான்."

தம்பி டிவிக்குக் கீழே இருக்கும் அலமாரியைப் பார்த்தான். அது நிறைய டிஸ்க்குகள், உறை கிழியாமல், முதுகுப் பெயர் தெரிகிற மாதிரி வரிசையாக. பாண்டியும் பார்த்தான்.

"அது... அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும் மாப்ள" என்றான்.

தம்பி சிரித்தான். பல்லெல்லாம் தெரிந்தது. ஆனால் எனக்குத் தெரியும் — அது மரியாதைக்காகச் சிரிப்பது.

தம்பியைப் பற்றி இந்தப் பக்கத்தில் அவ்வப்போது எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். திருப்பரங்குன்றத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் நானும் அவனும் மட்டும் இருக்கிறோம். நான் மிஷன் பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். அவன் வீட்டிலிருந்தபடியே பிளெக்ஸ் போர்டு டிசைன் செய்கிறான். காதணி விழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி... மதுரையில் இந்தத் தொழிலுக்கு என்றைக்குப் பஞ்சம்?

அவனுக்குத் தசை மெலிகிற நோய். கல்லூரி முடிக்கிற வயதில் தொடங்கியது. முதலில் மாடிப்படி ஏறச் சிரமப்பட்டான். அப்புறம் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அப்புறம் சக்கர நாற்காலி. இடுப்பும் தோளும்தான் இந்த நோய்க்கு முதல் குறி. கையை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியாது. தலை சீவுவதற்கு நான் வேண்டும். ஆனால் முன்கையை மேஜைமேல் வைத்துவிட்டால் போதும்... விரல்கள் பறக்கும். மௌஸ் பிடிக்கிற விரல், கீபோர்டு தட்டுகிற விரல், கேம் ஆடுகிற விரல். டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார் — விரல்தான் கடைசி என்று.

அவன் கேம் ஆடுவதில் எனக்கு முதலில் எரிச்சல் இருந்தது. நாற்பதை நெருங்குகிற ஆம்பளைக்கு என்ன விளையாட்டு? பிறகு ஒரு விஷயம் புரிந்தது. கேமைவிட அந்த டிஸ்க்குகள்தான் எங்கள் வீட்டுக்கு முக்கியம்.

விஷயம் இதுதான். அவனுக்கு நான்கைந்து நண்பர்கள். கேம் டிஸ்க் விலை அதிகம், ஒரே ஆள் எல்லாவற்றையும் வாங்க முடியாது. ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள். ஆடி முடித்ததும் மாற்றிக்கொள்வார்கள். எங்கே மாற்றுவது? ஆல்பர்ட் வெளியே போக முடியாது. அதனால் எல்லோரும் இங்கே வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கோயில் முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு பைக்காவது நிற்கும்.

"டிஸ்க் வாங்க வந்தேங்க்கா" என்பார்கள்.

டிஸ்க் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? எடுத்துப் பையில் போட வேண்டியதுதானே? போட மாட்டார்கள். உட்காருவார்கள். ஒரு ஆட்டம் ஆடுவார்கள். "அந்த மூணாவது லெவல் எப்படிடா தாண்டுன?" என்று தொடங்கும் பேச்சு, பாண்டியின் பெண்டாட்டிக்கும் அவன் அம்மாவுக்கும் நடக்கிற சண்டையில் போய் நிற்கும். செந்தில் என்று ஒருவன், பேங்க்கில் கிளார்க். அவனுக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போன வருஷங்களில், தன் கவலை எல்லாவற்றையும் எங்கள் ஹாலில் உட்கார்ந்துதான் கொட்டினான். டிவியைப் பார்த்துக்கொண்டே, பட்டனை அமுக்கிக்கொண்டே. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அழ மாட்டார்கள் போலிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டும்... அப்போது வரும் எல்லாம்.

நான் தோசை ஊற்றிக்கொண்டே இருப்பேன். மாவு தீரும்போதுதான் கிளம்புவார்கள்.

அந்தப் பழைய கன்சோலுக்கு வயதாகிவிட்டது. டிஸ்க்கைப் போட்டால் கரகரவென்று சத்தம் போடும், படிக்கத் திணறும், துப்பிவிடும். டவுன் ஹால் ரோடு பக்கம் ரிப்பேர் கடையில் காட்டினோம். லென்ஸ் போய்விட்டது, அந்த மாடலுக்கு இனி உதிரிபாகம் வராது என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டுத்தான் நண்பர்கள் கூடிப் பேசி இந்தப் புதுப்பெட்டியை வாங்கியிருக்கிறார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். அன்பாகத்தான் செய்தார்கள்.

அன்றைக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். பெட்டியோடு கூடவே வந்திருந்தது ஒரு குத்துச்சண்டை கேம். இதில் பட்டன் கிடையாது. கைக்கு ஒரு சின்ன ரிமோட். அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் காற்றில் குத்தினால் திரையில் இருப்பவன் குத்துவான். நீங்கள் குனிந்தால் அவனும் குனிவான்.

செந்தில் முதலில் எழுந்தான். தொப்பையோடு அவன் காற்றில் குத்தியதைப் பார்க்க வேண்டுமே! சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கிழிந்து கீழே விழுந்தது. "எக்ஸர்சைஸுக்கு எக்ஸர்சைஸ், கேமுக்கு கேம்" என்று மூச்சு வாங்கினான். பாண்டி குத்தினான். மற்ற இருவரும் குத்தினார்கள். வீடே அதிர்ந்தது. எனக்கே கை துறுதுறுத்தது, பொய் சொல்வானேன்.

அந்தக் குதூகலத்தில்தான் பாண்டி ரிமோட்டை ஆல்பர்ட் கையில் திணித்தான்.

"மாப்ள, ஒன் டர்ன்டா!"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் ரிமோட் கைக்குப் போய்விட்டதே... திரும்ப வாங்கினால் அது இன்னும் கொடுமையில்லையா?

தம்பி முயற்சி செய்தான். வலது கையை எடுத்தான். அது தொடைக்கு மேல் ஒரு சாண் எழுந்தது. அப்புறம் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கினான். திரையில் இருந்த ஆள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். எதிராளி குத்தினான். மறுபடி குத்தினான். தம்பியின் கை நழுவி நாற்காலிக் கைப்பிடியில் இடித்தது. திரையில் அவன் ஆள் விழுந்தான். மணி அடித்தது.

செந்தில் குனிந்து, விழுந்த காலண்டரை எடுத்தான்.

"நான் நடுவர்டா" என்றான் தம்பி. "நீங்க அடிச்சுக்கோங்க. நான் எண்ணுறேன்."

எல்லோரும் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார்கள். அன்றைக்கு மாவு மிஞ்சியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பாண்டி சும்மா இருக்கிறவன் இல்லை. இரண்டு நாள் கழித்து போனில் கூப்பிட்டு, "மாப்ள, அதுல ஒரு கேம் இருக்கு. மலை ஏறுற கேம். அதுக்கு மட்டும் பட்டன் செட்டிங் உண்டு. கட்டைவிரல் போதும்" என்றான். தம்பி டவுன்லோடு செய்தான்.

பனி மூடிய ஒரு பெரிய மலை. ஒரே ஒரு ஆள். சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது, நேரக் கணக்கு கிடையாது. எந்தப் பிடியில் கை வைக்கலாம், எந்தக் கல் பெயரும் என்று பார்த்துப் பார்த்து ஏற வேண்டும். அவ்வளவுதான்.

தம்பிக்கு அது பிடித்துப்போனது. எப்படிப் பிடித்தது என்றால்... வேலையை முடித்துவிட்டு சாயங்காலம் உட்கார்ந்தால் அந்த மலைதான். நான் பள்ளியிலிருந்து வந்ததும் செய்தி சொல்வான். "அக்கா, இன்னைக்கு ஒரு குகை வந்துச்சு. உள்ள தண்ணி சொட்டுற சத்தம், அம்புட்டுத் துல்லியமா இருக்கு." ஏதோ நேரில் போய்விட்டு வந்தவன் மாதிரி.

"ஜன்னலைத் திறந்தா நம்ம ஊர் மலை இருக்கே, அது போதாதா?" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன்.

"அது பாக்குற மலைக்கா. இது ஏறுற மலை" என்றான்.



ஆனி மாதம். ஒரு சாயங்காலம் நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். டிவியில் மலை இருந்தது. ஆள் பாறையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். ஏறவில்லை. தம்பி பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"என்னடா?"

"அப்டேட் வந்துருக்குக்கா."

ராத்திரியோடு ராத்திரியாக அந்த கேம் தன்னைத் தானே மாற்றிக்கொண்டிருக்கிறது. மலையேறுவது 'நிஜமாகவே' இருக்க வேண்டுமாம். அதனால் இனி ரிமோட்டை இரண்டு கையிலும் பிடித்து, மாற்றி மாற்றித் தலைக்கு மேலே தூக்கி இழுத்தால்தான் ஏறும். நடப்பதற்கும் திரும்பிப் பார்ப்பதற்கும் பட்டன் உண்டு. ஏறுவதற்குக் கிடையாது.

"பழைய மாதிரியே மாத்திக்க முடியாதா?"

"டிஸ்க்கா இருந்தா நெட்டைப் புடுங்கிட்டு, டிஸ்க்குல இருக்குற பழசையே ஆடிக்கிட்டு இருக்கலாம். இது அவங்க கொடுத்தாத்தான் உண்டு. பழசு அவங்ககிட்டயே இல்லையாம்."

"காசு குடுத்துத்தானேடா வாங்குனோம்? நம்ம பொருளை அவங்க எப்படி மாத்தலாம்?"

"வாங்கலக்கா. ஆடிக்கிறதுக்கு விட்டுருக்காங்க."

கம்பெனிக்கு எழுதினான். என் நிலைமை இது, பழைய பட்டனைத் திரும்பக் கொடுங்கள் என்று தன்மையாக நான்கு வரி. கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் சேவையில் உங்கள் திருப்தி எப்படி என்று ஐந்து நட்சத்திரத்தில் குறியுங்கள்... அவ்வளவுதான். மனிதர் யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

கேம் ஆடுகிறவர்களுக்கு போனில் ஒரு குரூப் இருக்கிறது. மதுரைப் பக்கத்து ஆட்கள். அதிலும் போட்டான். அன்று முழுக்க நானும் உட்கார்ந்து அந்தக் குரூப்பைப் படித்தேன். அடேயப்பா... அது ஒரு தனி உலகம். டிஸ்க் கட்சி, டவுன்லோடு கட்சி என்று இரண்டு. டிஸ்க் இருந்தால் விற்கலாம், இரவல் கொடுக்கலாம், அது நம் பொருள் என்று ஒரு கட்சி. கீறல் விழாது, தூசி அடையாது, கடைக்கு அலைய வேண்டாம் என்று இன்னொரு கட்சி. சோழவந்தானில் இருந்து ஒருவர் பாவம், "எங்க ஊருல டவர் வெத்தலைக் கொடிக்காலுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்குண்ணே. ஒரு கேம் எறங்கறதுக்குள்ள அடுத்த பார்ட்டு வந்துருது" என்று புலம்பியிருந்தார்.

கையை ஆட்டி ஆடுவதிலும் இரண்டு கட்சி. "செம்ம ஃபீலு, நெஜமா மலை ஏறுன மாதிரியே கை வலிக்குது" என்று ஒருவர். ஆபீஸ் விட்டு வந்து காலை நீட்டிக்கொண்டு ஆடத்தான் கேம், இதுக்கு நான் ஜிம்முக்கே போவேன் என்று இன்னொருவர்.

நடுவில் என் தம்பியின் வரி இருந்தது. "எனக்குக் கை தூக்க வராது. பட்டன் இருந்தவரை ஆடினேன். வேறு யாருக்காவது வழி தெரியுமா?"

சிலர் இரண்டு கை கூப்பிய படம் போட்டிருந்தார்கள். சிலர் கம்பெனியைத் திட்டியிருந்தார்கள். ஒருவர், உடம்பை அசைக்க அசைக்கச் சரியாகிவிடும் என்று வைத்தியம் சொல்லியிருந்தார். இன்னொருவர் ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்: "அப்ப வேற கேம் ஆடுங்க ப்ரோ."

தப்பாக என்ன இருக்கிறது அதில்? திட்டவில்லை, கேலி செய்யவில்லை. ஆனால் தம்பி அந்த ஒரு வரியைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல்.

நண்பர்கள் ஒவ்வொருவராக அதே பெட்டியை வாங்கியிருந்தார்கள். இனி யாரிடமும் டிஸ்க் கிடையாது. மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. அவரவர் வீட்டில், அவரவர் ஹாலில், நெட் வழியாகச் சேர்ந்து ஆடிக்கொள்ளலாம். காதில் ஹெட்போன் மாட்டினால் பேச்சும் உண்டு. ஒத்தக்கடையிலிருந்து திருப்பரங்குன்றம் வரை வெயிலில் ஏன் பைக் ஓட்ட வேண்டும்?

முதலில் தம்பியும் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தான். அவர்கள் குத்துவார்கள், டென்னிஸ் ஆடுவார்கள், இவன் கேட்பான். "ஆல்பர்ட், இருக்கியாடா?" என்று நடுவில் யாராவது கேட்பார்கள். "இருக்கேன், இருக்கேன்" என்பான். கொஞ்ச நாளில் அந்தக் கேள்வியும் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டி, "உள்ள வச்சுரு அக்கா" என்றான்.

வாசலில் பைக் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. நான் பழக்கதோஷத்தில் சனிக்கிழமை மாவு அரைத்துவிடுவேன். புதன்கிழமைவரை அதையே புளிக்கப் புளிக்கத் தின்போம்.

எத்தனை வாரம்தான் பொறுத்திருப்பது? ஒருநாள் பள்ளி இடைவேளையில் பாண்டிக்குப் போன் செய்துவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

"ஏன் பாண்டி, டிஸ்க் இல்லேன்னா ஆளும் இல்லையா? எம்புட்டு நாளாச்சு இந்தப் பக்கம் வந்து?"

அந்தப் பக்கம் அவன் எழுந்து ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்படியெல்லாம் இல்லக்கா... டெய்லி நெனைக்கிறேன். ஆனா... சும்மா எப்படிக்கா வாரது?"

"சும்மா வாரதுக்கு என்ன?"

"என்னன்னு சொல்லிட்டு வாரது? முன்னாடின்னா டிஸ்க் வாங்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டுக் கெளம்பிருவேன். அவனைப் பாக்கப் போறேன்னு சொன்னா... அது ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருக்குக்கா. அவனுக்கும் அப்படித் தோணிரும்ல?"

மணி அடித்துவிட்டது. வகுப்புக்குப் போய்விட்டேன். என்ன நடத்தினேன் என்று சத்தியமாக நினைவில்லை.

யோசித்துப் பாருங்கள். நாம் எல்லோருமே அப்படித்தானே? 'உன்னைப் பார்க்க வந்தேன்' என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்? இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன், அப்படியே எட்டிப் பார்க்கலாம் என்றுதான் சொல்வோம். அந்த வேலை பெரும்பாலும் பொய். பொய்யோ மெய்யோ, அது இருந்தால்தான் கால் படியேறுகிறது. கம்பெனிக்காரர்களுக்கு டிஸ்க் என்பது ஒரு செலவு. அச்சடிக்கிற செலவு, லாரிச் செலவு, கடைக்காரன் கமிஷன். மிச்சம் பிடித்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையும் போகும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலமே பாண்டி தம்பியிடம் பேசிவிட்டான் போல. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி கேட்டான்.

"நீ எதுக்குக்கா அவனுக்குப் போன் பண்ணுன?"

"ஏன், பண்ணக்கூடாதா?"

"என் தம்பியை வந்து பாருங்கன்னு ஊர்பூரா கேட்டு வாங்குவியா? வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எனக்குன்னு மானம் ஒண்ணு இல்லையா?"

அவன் இப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. நானும் விடவில்லை. ஒரு விளையாட்டு போனதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, வேறு ஏதாவது ஆடினால் என்ன என்று கேட்டுவிட்டேன். குரூப்பில் யாரோ எழுதியதை நானே என் வாயால் சொல்கிறேன் என்று சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

தம்பி வலது கையை மேஜைமேல் வைத்தான். "இதைப் பாரு" என்றான்.

கட்டைவிரலை மடக்கினான். மடங்கியது. நீட்டினான்... பாதியில் நின்றது. மறுபடி முயற்சி செய்தான். மெல்ல, நடுங்கிக்கொண்டே, நிமிர்ந்தது.

"மார்ச்லயே தொடங்கிருச்சு. ஒங்கிட்டச் சொல்லல. டாக்டர்கிட்டப் போன்ல கேட்டேன். இன்னும் கொஞ்ச காலம் ஓடும்னாரு. அந்தக் கொஞ்ச காலத்துக்குள்ள மேல போயிரணும்னுதான் டெய்லி உக்காந்தேன். உச்சிக்குக் கொஞ்சந்தான்க்கா இருந்துச்சு."

நான் அடுப்படிக்குப் போனேன். அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டி வந்தான். கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு எங்கள் வாசலில் நிற்பது அவனுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"வாடா" என்றான் தம்பி.

கொஞ்ச நேரத்தில் பாண்டியே ரிமோட் இரண்டையும் எடுத்தான். "மாப்ள, நீ சொல்லு. நான் ஏறுறேன்."

ஆரம்பத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பாண்டி டிவி முன்னால் நின்று கைகளை மாற்றி மாற்றித் தூக்கினான். தம்பி பின்னாலிருந்து வழி சொன்னான்.

"இடது... இடதுடா! அது பெயர்ற கல்லு, அதுல வைக்காத. மேல, இன்னும் மேல..."

"தோள் போச்சுடா மாப்ள."

"பேசாம ஏறுடா."

பாண்டியின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். பழைய சத்தம் வீட்டில் கேட்டது. நான் தோசைக்கல்லைப் போட்டேன்.

உச்சி தெரிந்தது. கொடி ஒன்று பறந்தது. இன்னும் நான்கைந்து பிடிதான் இருக்கும்.

"நிறுத்துடா" என்றான் தம்பி.

பாண்டி திரும்பினான். "என்னடா, இந்தா வந்துருச்சு..."

"போதும்டா. நீதான ஏறுற. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"ரெண்டு பேருந்தானடா ஏறுறோம்..."

"ஆஃப் பண்ணிரு மாப்ள."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பாண்டி வாதாடியிருப்பான். டிவியை அணைத்தான். ரிமோட்டுகளைப் பெட்டிமேல் வைத்தான். தரையில், நாற்காலிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

பிறகு தம்பி பேசினான். திரும்பிப் பார்க்காமல், முன்னால் பார்த்தபடியே. கட்டைவிரல் விஷயத்தைச் சொன்னான். விரலும் போய்விட்டால் டிசைன் வேலையும் போய்விடும், அக்காவுக்கு எவ்வளவுதான் பாரமாக இருப்பது என்றான். என்னிடம் சொல்லாத பயங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பாண்டி ஆறுதல் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது என்று பொய்யும் சொல்லவில்லை. "ம்" என்றான். நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்தான். நான் சமையலறைக்கு வெளியே வரவில்லை.

இதெல்லாம் நடந்து சில வாரங்கள் ஆகின்றன. பாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. செந்தில் ஒரே ஒரு முறை வந்தான்; உட்காரத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று கிளம்பினான். மற்ற இருவரும் போனில் விசாரிக்கிறார்கள். பெட்டிமேல் நான் ஒரு துணி போட்டு வைத்திருக்கிறேன். கம்பெனியிடமிருந்து இன்னும் மனிதர் யாரும் பதில் எழுதவில்லை. தம்பியின் இடது கட்டைவிரலும் போன வாரம் ஒரு தடவை பாதியில் நின்றது.

பத்தி அனுப்புவதற்கு முன்னால் இதை அவனிடம் வாசித்துக் காட்டினேன். அவனைப் பற்றியதாயிற்றே. கடைசிவரை கேட்டான்.

"போட்டுக்கக்கா. ஆனா எல்லாம் சரியாப்போச்சுன்னு மட்டும் எழுதிராத" என்றான்.

எழுதவில்லை, தம்பி.